விளம்பரக் கடிகாரம் காட்டும் மணி

இரண்டாம் ஆண்டு மாணவர்க்கு மணி பார்க்கக் கற்பிக்கும் பாடத்தை ஆசிரியப் பெருமக்கள் அனைவரும் நன்கு அறிவர். அட்டையில் வட்டம் வெட்டி, பன்னிரண்டு எண்களை எழுதி, இரண்டு முட்களை நடுவில் பொருத்தி, சுழற்றிச் சுழற்றிக் காட்டுவோம். தோட்டப் பள்ளியில் பணியாற்றும் நானும் பல ஆண்டுகளாக அவ்வாறே செய்து வந்தேன். ஒருமுறை, அட்டைக் கடிகாரம் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது என்று எண்ணி, பழைய செய்தித்தாள்களிலும் வார இதழ்களிலும் வந்த கடிகார விளம்பரங்களை வெட்டியெடுத்துக் கரும்பலகை முழுவதும் ஒட்டி வைத்தேன். இருபதுக்கு மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தன.

"முதற் கடிகாரம் என்ன மணி காட்டுகிறது?" என்று கேட்டேன். "பத்து மணி பத்து நிமிடம், ஐயா" என்று விடை வந்தது. இரண்டாவதற்கும் அதே விடை. மூன்றாவதற்கும் அதே விடை. நான்காவது படத்திற்கு நான் கோலை நீட்டும் முன்னரே வகுப்பு முழுவதும் "பத்து பத்து" என்று வாய்ப்பாடு போல் பாடத் தொடங்கிவிட்டது. படத்தைப் பார்ப்பாரே இல்லை. முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி மட்டும் எழுந்து நின்று, "ஐயா, எல்லாக் கடிகாரமும் ஏன் ஒரே மணி காட்டுகிறது? எல்லாம் கெட்டுப் போனவையா?" என்று கேட்டாள்.

விடை என்னிடம் ஆயத்தமாக இருந்தது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில், மூத்தவர் ஒருவர் வாயிலாக நான் கேட்ட செய்தி அது. "அமெரிக்க நாட்டில் அடிமைத்தனத்தை ஒழித்த ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட நேரம் அதுதான். அப்பெருமகனார் நினைவாகவே கடிகாரக்காரர்கள் அந்த மணியிலேயே முட்களை நிறுத்தி வைக்கிறார்கள்" என்றேன். பிள்ளைகள் அமைதியாகிவிட்டனர். நல்ல பாடம் நடத்திய நிறைவோடு வீடு திரும்பினேன். அன்றிரவு, மறுநாள் கூறுவதற்காக லிங்கன் வரலாற்றை எடுத்துப் படித்தபோதுதான், நான் சொன்னது தவறு என்று தெரிந்தது. அதன்பின் இது பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். என்னைப் போலவே இக்கதையைக் கேட்டு, நம்பி, மாணவர்க்கும் சொல்லிவரும் ஆசிரிய நண்பர்கள் சிலராவது இருப்பர் என்பதால், அறிந்ததை இங்கு எழுதுகின்றேன்.

கதைகளும் காலக் கணக்கும்

லிங்கன் 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு, வாஷிங்டன் நகரின் ஃபோர்டு நாடக அரங்கில் சுடப்பட்டார். அப்போது மணி ஏறக்குறைய 10.15. மறுநாள் காலை 7.22-க்கு அவர் உயிர் பிரிந்தது. சுடப்பட்ட நேரம் 10.10-க்கு அண்மையில் இருப்பதால் கதைக்கு ஓரளவு இடம் இருப்பதாகத் தோன்றும். ஆயினும் இதே கதையின் வேறொரு வடிவமும் உண்டு. அமெரிக்க நகைக் கடைகளின் வாயிலில் முற்காலத்தில் மரத்தாலும் தகட்டாலும் செய்த பெரிய பொம்மைக் கடிகாரங்கள் தொங்கின. இயந்திரம் இல்லாதவை, வண்ணத்தில் தீட்டிய முட்களே உடையவை. அவற்றுள் பல 8.18 அல்லது 8.20 காட்டின. அதுவும் லிங்கன் மறைந்த நேரமே என்று அந்நாட்டு மக்கள் கூறி வந்தனர். ஒரு மனிதர் இரண்டு வேறு நேரங்களில் சுடப்பட்டிருக்க முடியாது. அவர் சுடப்பட்ட நேரமும் 8.18 அன்று, இறந்த நேரமும் 8.18 அன்று.

லிங்கனோடு கதை நிற்கவில்லை. ஜான் கென்னடி சுடப்பட்ட நேரம் 10.10 என்பார் உளர். அவர் சுடப்பட்டது 1963 நவம்பர் 22-ஆம் நாள் பகல் 12.30-க்கு. மார்ட்டின் லூதர் கிங் பெயரைச் சொல்வாரும் உளர். அவர் சுடப்பட்டது 1968 ஏப்ரல் 4-ஆம் நாள் மாலை 6.01-க்கு. ஜப்பானிய நகரங்களின் மேல் அணுகுண்டு விழுந்த நேரம் என்று வேறு சிலர் கூறுவர். ஹிரோஷிமாவில் 1945 ஆகஸ்டு 6-ஆம் நாள் காலை 8.15-க்கும், நாகசாகியில் ஆகஸ்டு 9-ஆம் நாள் முற்பகல் 11.02-க்கும் குண்டுகள் வெடித்தன. 8.15-இல் நின்றுபோன கைக்கடிகாரங்கள் ஹிரோஷிமா நினைவுக் காட்சியகத்தில் உள்ளன. அவை உண்மையாகவே துயரத்தால் நின்ற கடிகாரங்கள். விளம்பரக் கடிகாரங்களுக்கும் அவற்றுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

இவற்றையெல்லாம் ஒரே அடியில் தீர்க்கும் சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஹாமில்டன் கடிகார நிறுவனம் 1926-ஆம் ஆண்டளவிலேயே தன் விளம்பரங்களில் 10.10 காட்டத் தொடங்கிவிட்டது. 1945-இல் நிகழ்ந்ததோ 1963-இல் நிகழ்ந்ததோ 1926-இன் வழக்கத்திற்குக் காரணமாக முடியாது. காரணம் முன்னும் காரியம் பின்னும் வரவேண்டும் என்பது வரலாற்றின் முதற்பாடம். அதை மாணவர்க்குச் சொல்லித் தரும் நானே மறந்திருந்தேன்.

படத்தைப் பார்த்துப் பொருள் வாங்கிய காலம்

அப்படியாயின் உண்மை வரலாறு யாது? சற்றே பின்னோக்கிச் செல்வோம்.

தொடக்கக் காலக் கடிகாரங்கள் பெரும்பாலானவற்றிற்கு மணி முள் ஒன்றே இருந்தது. நிமிடத்தைக் காட்டும் அளவுக்கு அவை துல்லியமாக ஓடவில்லை. ஹாலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656-இல் ஊசல் கடிகாரத்தை அமைத்தார். 1675-இல் சட்டைப்பைக் கடிகாரத்திற்கு ஏற்ற சுருள்வில்லையும் வெளியிட்டார். அதன் பின்னரே நிமிட முள் பரவலாயிற்று. இரண்டு முட்கள் வந்தபின்தான் அவற்றை எப்படி நிறுத்தினால் அழகு என்னும் கேள்விக்கே இடம் உண்டாயிற்று.

ஆயினும் நீண்ட காலம் அக்கேள்வி எழவில்லை. வாங்குபவர் கடைக்குச் சென்று, கடிகாரத்தைக் கையில் எடுத்து, காதருகே வைத்து ஒலியைக் கேட்டு வாங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இந்நிலை மாறியது. 1886-இல் மினசோட்டா மாநிலத்தில் இரயில் நிலைய அலுவலராக இருந்த ரிச்சர்ட் சியர்ஸ் என்பவர், உள்ளூர் நகைக்கடைக்காரர் ஏற்க மறுத்த கடிகாரப் பெட்டி ஒன்றைத் தாமே வாங்கி, பிற நிலைய அலுவலர்கள் வழியாக விற்றார். அவ்வாண்டே கடிகார வணிகம் தொடங்கினார். கடிகாரங்களையும் நகைகளையும் படத்தோடு அச்சிட்ட விலைப்பட்டியலை 1888-இல் அஞ்சலில் அனுப்பினார். 1896-இல் இங்கர்சால் நிறுவனம் ஒரு டாலர் விலையில் சட்டைப்பைக் கடிகாரம் விற்றது. உழவரும் தொழிலாளரும் கடிகாரம் வாங்கும் காலம் பிறந்தது. பல கல் தொலைவில் உள்ள சிற்றூரில் இருந்துகொண்டு, படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பும் புதிய வாடிக்கையாளர் தோன்றினார். அவருக்குப் படமே கடை, படமே விற்பனையாளர். ஆகவே படத்தில் முட்கள் எப்படி நிற்கின்றன என்பது வணிகரின் கவலை ஆயிற்று.

முட்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் ஒரே முள் போலத் தோன்றும். இரண்டும் ஒரு பக்கமே சாய்ந்தால் முகப்பு கோணலாகத் தெரியும். இருபுறமும் ஒத்து நிற்பதே அழகு. அந்நாளில் அவர்கள் மிகுதியாகத் தேர்ந்த ஒத்த நிலை 8.20. முட்கள் இரண்டும் கீழ்நோக்கி விரிந்து நிற்கும் நிலை அது. இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது நாற்பது ஆண்டுகளில் வந்த விளம்பரங்களைப் பார்த்தால் 8.20-ஐயே பெரிதும் காணலாம். 10.10 என்பது தொன்றுதொட்டு வந்த வழக்கம் அன்று, இடையில் வந்தது.

பெயர் பொருளான வரலாறு

முதல் உலகப் போர்க் காலத்தில் (1914–1918) வீரர்கள் கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டத் தொடங்கினர். அதற்கு முன் கைக்கடிகாரம் பெண்டிர் அணிகலனாகவே பெரிதும் கருதப்பட்டது. போருக்குப் பின் கைக்கடிகாரம் எல்லார்க்கும் உரியதாயிற்று. முகப்புச் சிறிதாயிற்று. அச்சிறு முகப்பில் யார் பெயரை எழுதுவது என்பதில் ஒரு போட்டி எழுந்தது. செய்தவர் பெயரா, விற்பவர் பெயரா?

இங்கிலாந்தில் கடிகாரம் விற்ற கடைக்காரர்கள் தங்கள் பெயரையே முகப்பில் பொறிக்கும் வழக்கம் உடையவர்கள். ரோலக்ஸ் என்னும் பெயரை 1908-இல் பதிவுசெய்த ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் இதை மாற்ற விரும்பினார். ஆறு கடிகாரங்கள் கொண்ட பெட்டியில் முதலில் ஒன்றில் மட்டும் தம் பெயரைப் பொறித்து அனுப்பினார், பின்னர் இரண்டில், பின்னர் மூன்றில். இவ்வாறு சிறிது சிறிதாகத் தம் பெயரை நிலைநாட்டினார். 1927-இல் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்னும் ஆங்கிலப் பெண்மணி, நீர் புகாத ரோலக்ஸ் கடிகாரத்தை அணிந்து ஆங்கிலக் கால்வாயின் குளிர்நீரில் பல மணி நேரம் நீந்தினார். அன்று கடும் குளிரால் அவரால் கரைசேர இயலவில்லை. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு நவம்பர் 24-ஆம் நாள் டெய்லி மெயில் நாளிதழின் முதற்பக்கம் முழுவதும் அச்செய்தியே விளம்பரமாயிற்று. கடிகாரம் வெறும் பொருள் என்னும் நிலை மாறி, பெயர் பெற்ற பொருள் என்னும் நிலை வந்தது.

இக்காலத்தையே ஒட்டி முட்களும் மேலே எழுந்தன. ஹாமில்டன் 1926 அளவில் 10.10-க்கு வந்ததை மேலே கண்டோம். ரோலக்ஸ் 1940-களின் தொடக்கத்தில் அதைத் தொடர்ந்து கடைப்பிடிக்கலாயிற்று. டைமெக்ஸ் நிறுவனத்தின் 1953-ஆம் ஆண்டு விளம்பரங்களில் மாற்றம் நிகழும் நேரத்தையே காணலாம். பென் ஹோகன் என்னும் வகைக் கடிகாரம் 8.20 காட்டுகிறது, மார்லின் என்னும் வகையோ 10.10 காட்டுகிறது. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, இரண்டு வழக்கங்கள். கட்டளையிட்டவரும் இல்லை, சட்டம் போட்டவரும் இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறினர்.

ஏன் மாறினர்? 10.10 நிலையில் முட்கள் நிறுவனத்தின் பெயரை மறைப்பதில்லை என்று பொதுவாகக் காரணம் கூறுவர். இது உண்மையே, ஆனால் முழுமையான விடை அன்று. 8.20 நிலையிலும் முட்கள் கீழே இறங்கி நிற்பதால் 12-இன் கீழ் உள்ள பெயர் மறைவதில்லை. மறையாமை மட்டுமே நோக்கம் என்றால் மாற வேண்டிய தேவையே இல்லை. வேறுபாடு எதுவெனின், 8.20-இல் பெயர் தனித்து நிற்கிறது; 10.10-இலோ இரு முட்களும் இரு கரங்கள்போல் உயர்ந்து பெயரை ஏந்தி நிற்கின்றன. பார்ப்பவர் கண் முட்களின் வழியே சென்று பெயரில் நிலைக்கிறது. பழைய சட்டைப்பைக் கடிகாரங்கள் பலவற்றில் 6-இன் மேல் சிறு நொடிவட்டம் ஒன்று இருந்தது. 8.20 அவ்வட்டத்தை அணைத்து நின்றது. கடிகாரத்தின் சிறப்பு உறுப்பைக் காட்டிய காலம் போய், அதன் பெயரைக் காட்டும் காலம் வந்தபோது முட்களும் மேலேறின என்று கருதுவது பொருந்தும் என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணமும் உண்டு. மனிதன் எதிலும் முகத்தைக் காண்பவன். கடிகார முகப்பு என்று தமிழில் நாம் சொல்வதிலேயே முகம் இருக்கிறது. 8.20 உதடு தொங்கிய முகம்போல் தோன்றுகிறது, 10.10 இதழ் விரிந்த முகம்போல் தோன்றுகிறது. சோர்ந்த முகத்தோடு எந்தக் கடைக்காரரும் பொருள் விற்பதில்லை.

இந்த எண்ணம் வெறும் கற்பனையா என்று 2017-இல் ஓர் உளவியல் ஆய்வு சோதித்துப் பார்த்தது. ஆய்வாளர்கள் அமேசான் விற்பனைத் தளத்தில் முன்னணியில் இருந்த ஆடவர் கைக்கடிகாரப் படங்கள் 100-ஐ எண்ணினர். அவற்றுள் 97 ஏறத்தாழ 10.10 காட்டின. பின்னர்ப் பல நேரங்களில் முட்களை நிறுத்திய கடிகாரப் படங்களை மக்களிடம் காட்டினர். 10.10 காட்டிய படங்கள் பார்ப்பவர் மனத்தில் இனிய உணர்வைக் கூட்டின. வாங்கும் விருப்பத்தையும் கூட்டின. 11.30 காட்டியவை அவ்வாறு செய்யவில்லை. பழகிப்போனதனாலேயே அது இனிக்கிறதா, இனிப்பதனால் பழக்கமாயிற்றா என்று பிரித்துக் காண்பது எளிதன்று. ஆயினும் வணிகர் கண்ணால் அறிந்ததை ஆய்வு எண்ணால் அளந்து காட்டியது எனலாம்.

ஒரு கணக்கு

கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதில் ஓர் இனிய கணக்கு இருக்கிறது. 10.10-இல் முட்கள் சரியாக ஒத்து நிற்கின்றனவா? இல்லை. மணி முள் 12-க்கு இடப்புறம் 55 பாகையிலும், நிமிட முள் வலப்புறம் 60 பாகையிலும் நிற்கின்றன. 5 பாகை வேறுபாடு உள்ளது. சரியாக ஒக்கும் நேரம் எது?

மணி முள் நிமிடத்திற்கு அரைப் பாகை நகரும். நிமிட முள் 6 பாகை நகரும். சரியாக 10 மணிக்கு மணி முள் 12-க்கு 60 பாகை இடப்புறம் இருக்கிறது. நிமிட முள் 12-இன் மேலேயே இருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு நிமிடத்திலும் முன்னது அரைப் பாகை நெருங்குகிறது. பின்னது 6 பாகை விலகுகிறது. ஆகவே 60-ஐ ஆறரையால் வகுத்தல் வேண்டும். விடை 9 நிமிடம் 14 நொடி. அதாவது, 10 மணி 9 நிமிடம் 14 நொடிக்குத்தான் இருபுறமும் ஒக்கும். டைமெக்ஸ் விளம்பரங்கள் 10 மணி 9 நிமிடம் 36 நொடி காட்டுவதும், 2015-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் கைக்கடிகாரத்தின் படங்கள் 10.09 காட்டுவதும் இக்கணக்கோடு பொருந்தி நிற்கின்றன.

இனிப் பழைய பொம்மைக் கடிகாரத்தின் 8.18-ஐ நோக்குவோம். 8 மணிக்கு மணி முள் 12-க்கு இடப்புறம் 120 பாகையில் இருக்கும். 120-ஐ ஆறரையால் வகுத்தால் 18 நிமிடம் 28 நொடி வருகிறது! கடை வாயிலில் தொங்கிய கடிகாரம் லிங்கனின் இறுதி நேரத்தைக் காட்டவில்லை. வட்டத்தின் கணக்கையே காட்டியது. வண்ணம் தீட்டியவர் இக்கணக்கைப் போட்டிருக்க வேண்டுவதில்லை. இருபுறமும் ஒத்து வருமாறு கண் பார்த்துத் தீட்டினாலே முட்கள் அங்குதான் வந்து நிற்கும்.

உண்மையான கதை ஒன்று

கதைகள் யாவும் பொய் என்று தள்ளிவிடுவதும் முறையன்று. ஆப்பிள் நிறுவனத்தின் ஐஃபோன் விளம்பரப் படங்களில் 9.41 என்னும் நேரம் இருப்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். அதற்கு ஒரு நிகழ்ச்சியே காரணம். ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 ஜனவரி 9-ஆம் நாள் அக்கருவியை மேடையில் அறிமுகம் செய்தார். பேச்சுத் தொடங்கி ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் கருவியின் படம் திரையில் தோன்றும். அப்போது திரையில் உள்ள நேரமும் அவையோர் கையில் உள்ள நேரமும் ஒத்திருக்க வேண்டும் என்று திட்டமிட்டுப் படத்தில் 9.42 என்று அமைத்தனர். பிற்காலப் படங்களில் அது 9.41 ஆயிற்று. அந்நிறுவனத்தின் பொறியாளர் தலைவர்களுள் ஒருவரே இக்காரணத்தைக் கூறியுள்ளார். இக்கதையில் நாள் இருக்கிறது, இடம் இருக்கிறது, சொன்னவரும் இருக்கிறார். லிங்கன் கதையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. கேட்கும் கதையை ஏற்கலாமா தள்ளலாமா என்று தெளிய இவ்வேறுபாடே போதும்.

மீண்டும் வகுப்பறை

எங்கள் தோட்டத்தில் முன்னோர் காலத்தில் நேரம் என்பது பெரட்டு மணிதான். விடியுமுன் தண்டவாளத் துண்டில் அடிக்கும் ஓசை கேட்டே எழுந்தனர். அது சரியான மணிதானா என்று ஒத்துப் பார்க்க அவர்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. பிறர் சொன்ன நேரத்தை அப்படியே ஏற்பதைத் தவிர வேறு வழியும் இல்லை. அவர்கள் பிள்ளைகள் முதன்முதலாகக் கைக்கடிகாரம் வாங்கிக் கட்டியபோது கொண்ட பெருமிதத்தைச் சிறுவனாக இருந்து நான் கண்டிருக்கின்றேன். தாமே பார்த்து அறிய முடிகிறது என்னும் பெருமிதம் அது. 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே நகர்ந்தபோது, லயத்து வீடுகளில் ஒவ்வொருவரும் தத்தம் கடிகாரத்தைத் திருத்தி வைத்தனர். செய்தித்தாள் விளம்பரத்தில் இருந்த கடிகாரம் மட்டும் திருத்தம் இன்றி அதே மணியைக் காட்டியது.

தாமே பார்த்து அறியக் கற்பிப்பதற்கு வந்த நான், ஒத்துப் பாராமல் ஒரு கதையைச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அதே வகுப்பிற்குச் சென்று, "நான் சொன்னது தவறு, பிள்ளைகளே, லிங்கன் ஐயாவுக்கும் இப்படங்களுக்கும் தொடர்பு இல்லை" என்று கூறினேன். தலைமையாசிரியர் தவறு செய்ததாகத் தம் வாயாலேயே சொல்வதைக் கேட்டுப் பிள்ளைகள் முதலில் விழித்தனர். பின்னர் அட்டைக் கடிகாரங்களை அவர்கள் கையிலேயே கொடுத்து, "முகம் சிரிப்பதுபோல் முட்களை வையுங்கள், அழுவதுபோல் வையுங்கள், வைத்தபின் என்ன மணி என்று படியுங்கள்" என்றேன். வகுப்பு கலகலப்பாயிற்று. அன்று பலவகை மணிகளை அவர்கள் பிழையின்றிப் படித்தனர்.

கேள்வி கேட்ட சிறுமி தன் கடிகாரத்தை 8.20-இல் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "ஐயா, இது அழுகிற கடிகாரம். ஆனால் பள்ளி தொடங்கியபின் இந்த மணி தினமும் வருகிறதே. அப்போது நாங்கள் அழுவதில்லையே" என்றாள். அவள் சொன்னது சரியே. கடிகாரம் அழுவதுமில்லை, சிரிப்பதுமில்லை என்று அவளுக்கு விளக்கினேன். ஆசிரிய நண்பர்கள் விளம்பரப் படங்களைக் கொண்டு மணிப் பாடம் நடத்த விரும்பினால், முட்களை அழித்துவிட்டு வெறும் முகப்பை மட்டும் ஒட்டுக. முட்களைப் பிள்ளைகளே வரையட்டும். ஏன் எல்லாம் ஒரே மணி என்று யாரேனும் கேட்டால், மேலே கண்ட கணக்கைக் காட்டலாம்.